ஜாகின்ஸ் கல்மரங்கள்

ஆம்ஹர்ஸ்ட், நோவா ஸ்கோஷியா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. "அவன் எழுத்தைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஷிப்ட் மாறி மாறி வருகிறது, வேறொன்றுமில்லை. குளிர் பழகிவிட்டது. சோறும் ரசமும் நானே வைத்துக்கொள்கிறேன். அம்மா கொடுத்த நாரத்தங்காய் ஊறுகாய்தான் அடி தட்டிவிட்டது.

கீழ்வீட்டுப் பெரியவர், அதுதான், பனியிலும் அரைக்கைச் சட்டையோடு நிற்பாரே, அவர் அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். 1958-ல் 75 பேரைப் பலிகொண்ட ஸ்பிரிங்ஹில் சுரங்கம் இருந்த ஊர்க்காரர். நீங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து என்மேல் தனிப் பிரியம். போன ஞாயிறு என்னை ஜாகின்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்.

கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் அங்கே இறங்க முடியும். ஃபண்டி விரிகுடா அல்லவா, உலகத்திலேயே பெரிய ஏற்றவற்றம் இங்கேதான். அலை அரித்த செங்குத்துப் பாறையில் மரங்கள் கல்லாகி நிற்கின்றன அப்பா! திருவக்கரையில் பார்த்த கல்மரங்கள் வெள்ளத்தில் வந்து ஒதுங்கிப் படுத்துக் கிடப்பவை. இவை முளைத்த இடத்திலேயே வண்டலில் புதைந்தவை. ஓர் அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். நெடுக வரி வரியாகப் பள்ளம், அதில் இலை உதிர்ந்த வடுக்கள் வரிசையாக. இப்படி உள்ளே பொக்கையான அடிமரங்களில்தான் மிகப் பழைய ஊர்வனவற்றில் ஒன்றான ஹைலோனோமஸின் எலும்புகளை டாசன் என்பவர் கண்டெடுத்தாராம்.

31 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் நிலநடுக்கோட்டை ஒட்டிய சதுப்புக்காடு. நம் ஊர் இருக்கும் நிலமோ அப்போது தெற்கே கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்தத் தென்கண்டத்தில் பனிப்பாளம் பெருகுவதும் உருகுவதுமாக இருக்க, கடல் மட்டம் ஏறி இறங்கியது. பிறகு, சுமார் 30.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மழை குறைந்து வறட்சி தலைதூக்கியது. ஒரே பரப்பாக இருந்த காடு திட்டுத் திட்டாகச் சிதறியது. விதை இல்லாமல் வித்துத்தூளால் பெருகும் அந்த மரங்களுக்கு ஈரம் இல்லாமல் பிழைப்பில்லை. மெல்ல மெல்லப் பெரணி மரங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. தண்ணீரில் முட்டையிடும் தவளை இனத்து உயிர்கள் நொடித்தன. ஓட்டு முட்டையிடும் ஊர்வன தாக்குப்பிடித்தன. சீனப் பக்கம் மட்டும் இத்தகைய காடுகள் இன்னும் நெடுங்காலம் நின்றனவாம். காற்றிலிருந்து அத்தனை கரியையும் இழுத்துப் புதைத்த காடு அது. நிலக்கரியாகிப் போன அதைத்தான் இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டி எரித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும்போது மனசு தாங்கவில்லை.

பாறையில் ஒரு மெல்லிய நிலக்கரி அடுக்கு. தொட்டதும் விரலில் கறுப்பு ஒட்டியது. நைட் ஷிப்ட் முடிந்து வாசலில் நீங்கள் சட்டையைக் கழற்றி உதறுவீர்களே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் எதையும் பார்க்க ஓடவில்லை. ஒரு தடவை வந்து உங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனால் போதும் அப்பா. டிக்கெட் விலை இறங்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும், ஆனால் வந்துவிடும். அதற்காகச் சித்தப்பாவிடம் கைமாற்று கேட்க வேண்டாம். அக்கா வளைகாப்புக்கு முன்னால் அடகுச் சங்கிலியை மீட்டாக வேண்டும். வட்டி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். ஏரிக்கரை நிலத்தைக் குத்தகைக்கு விடுவதானால் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து மூலமாகவே செய்யுங்கள்.

உங்கள் மகன்,
குமார்