நெஞ்சு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு: வயிறு தளரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

காசநோய்க்குப் பிறகு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி மூச்சுக்குத் திணறிய என் அம்மாவை, வலது நெஞ்சைத் திறந்து காப்பாற்றியவர் உங்களில் ஒருவர்தான். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அதற்கப்புறம் அம்மாவின் வலது பக்க வயிறு தள்ளிக்கொண்டு வந்தபோது முதலில் வாயு என்றார்கள், பிறகு ஹெர்னியா, அதாவது வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் பிதுங்குவது, என்றார்கள், சி.டி. ஸ்கேனில் ஓட்டை எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தும் போன வாரம் வலை வைத்துத் தைக்கத் தேதியே குறித்துவிட்டார்கள். நல்லவேளை, நரம்பு மருத்துவர் ஒருவர் ஈ.எம்.ஜி. (தசைக்கு நரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்து, இது ஹெர்னியாவே இல்லை, நரம்பு அடிபட்டுத் தசை தளர்ந்திருக்கிறது என்றார்.

விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளில் 7 முதல் 11 வரை உள்ளவை வயிற்றுத் தசைக்கும் போகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலாவை விரிக்கும் கருவி அழுத்தினாலே அவை பாதிக்கப்படலாம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நடக்கக்கூடியதுதான், அதற்காக யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

அம்மாவால் இப்போது புடவை கட்ட முடியவில்லை. பாவாடை நாடாவை இறுக்கினால் ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறது, அதற்கு நாலு விரல் மேலே துணி உரசினாலே நெருப்பாய் எரிகிறது. இருமினால் வயிறு பந்து மாதிரி புடைக்கும், கையால் பிடித்துக்கொள்வார். கல்யாண வீட்டில் ஒருத்தி "கட்டியா?" என்று கேட்டதிலிருந்து எங்கேயும் வருவதில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறார், எங்களிடம்கூடச் சொல்லாமல். ஒரே ஒரு வாக்கியம் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பயமாவது இருந்திருக்காது.

கையெழுத்து வாங்கும் படிவம் ஆங்கிலத்தில், டிஸ்சார்ஜ் சீட்டும் ஆங்கிலத்தில், அதிலும் பாதி சுருக்கெழுத்து. மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் படித்துத் தெரிந்துகொள்கிறோம். நோயாளிக்குப் புரியாத காகிதத்தில் வாங்கும் சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து, இந்த அறுவைக்குப் பிறகு வயிறு தளரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நெஞ்சு அறுவைக்குப் பிறகு வயிறு புடைத்து வருகிறவர்களை, வலை வைக்கும் முன் ஒருமுறை நரம்புப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், சிலருக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெல்ட், பிசியோதெரபி, எரிச்சலுக்கு மாத்திரை எல்லாம் இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்