வாவல் மரத்தை விட்டுவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும் பக்கத்து விளைக்காரர்களுக்கும்,

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்தில் எங்கள் ஊர்க் காவில் (சோலையில்) நிற்கும், பழந்தின்னி வாவல்கள் (வௌவால்கள்) கூட்டமாகத் தொங்கும் ஆலமரத்தையும் அதை ஒட்டிய அயனி மரங்களையும் வெட்டப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அகலப்படுத்தும் சாலை மரத்துக்கு மேற்கே ஒதுங்கிப் போகிறது. இந்த முடிவுக்குக் காரணமானவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேருக்கு வாவல் என்றாலே ஆகாது. அதனால் முதல் நன்றி அவர்களுக்குத்தான். வாவல் மேல் பிரியம் உள்ளவர்கள் மரத்தைக் காப்பாற்ற நினைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் எச்சம், விடியற்காலையில் கிளைக்குக் கிளை சண்டை, மழை பெய்து ஓய்ந்தால் மூக்கைப் பொத்த வைக்கும் வாடை, இத்தனையையும் பொறுத்துக்கொண்டு “சரி, கிடந்துட்டுப் போகட்டும்” என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார் மரத்தடி வீட்டு அக்கா. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் கூட்டத்தின் போக்கே மாறியது. அக்காவுக்கும், பக்கத்தில் இருந்துகொண்டு முணுமுணுத்தாலும் மறுத்துப் பேசாத அவர் மாமியாருக்கும் எங்கள் நன்றி.

இந்த வாவல்கள் எல்லாம் ஆதியிலிருந்தே இங்கே இருந்தவை இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் வாழையும் மட்டும் சாயவில்லை, பழைய மாவும் புளியும் ஆலும் வேரோடு போயின. அதற்கு முன்பே பல விளைகளில் (தோப்புகளில்) கலப்பு மரங்களை வெட்டிவிட்டு ரப்பர் வைத்தாயிற்று. ரப்பர் மரத்தில் வாவலுக்குத் தின்னப் பழமும் இல்லை, பகலில் தொங்க வசதியும் இல்லை. இந்தப் பெரிய பழந்தின்னி வாவல் இறக்கை விரித்தால் நாலு அடிக்கு மேல் வரும், எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் தொங்க உயரமும் கிளைப்பரப்பும் உள்ள மரம் வேண்டும். புயலுக்குப் பிறகு இந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி மிஞ்சியது எங்கள் காவு. கூட்டம் பெருத்ததும் அப்போதுதான்.

அடுத்த ஆண்டே கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பேராம்பிராவில் சாவுகள் என்று செய்தி வந்ததும் இங்கே ஊரே கலங்கிப்போனது. அதன் பிறகும் கேரளத்தில் விட்டுவிட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. 2023இல் மறுபடியும் கோழிக்கோடு, 2024இல் மலப்புறம். ஒவ்வொரு முறையும் களியக்காவிளையில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள், எங்கள் ஊரில் கோடாலியைத் தேடுவார்கள். பயத்தைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் இருக்கிற வீடுகள்.

அந்த நேரத்தில் வந்து பேசிய சுகாதார ஆய்வாளர் ஐயாவுக்கு இந்த மடலில் பெரிய இடம் உண்டு. அவர் எதையும் மறைக்கவில்லை. பழந்தின்னி வாவல்களின் உடலில் நிபா கிருமி இருக்கக்கூடும், எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியே வரும், அதனால் கடிபட்ட பழத்தைத் தின்னாதே, விழுந்த பழத்தைப் பொறுக்கினால் கையைக் கழுவு, கிணற்றுக்கு வலை போடு, விழுந்து கிடக்கும் வாவலை வெறுங்கையால் தொடாதே என்று ஒன்றொன்றாகச் சொன்னார். அப்புறம் மலேசியாவின் கதைக்குப் போனார். 1998இல் அங்கேதான் முதன்முதலில் இந்த நோய் தெரியவந்தது. பன்றிப் பண்ணைகளுக்குள்ளேயே மாமரம் வைத்திருந்தார்கள். வாவல் தின்று போட்ட மிச்சத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. “வாவல் உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நாம்தான் அதன் சாப்பாட்டையும் நம் சாப்பாட்டையும் ஒரே இடத்தில் வைத்தோம்” என்றார். மரத்தை வெட்டினால் அவை செத்துப்போகாது, ஒரு மரத்தில் இருந்தவை பத்து வீட்டு மாமரங்களுக்குப் பிரியும், அலைச்சலிலும் பட்டினியிலும் இருக்கும் வாவலிடமிருந்து கிருமி அதிகம் வெளியேற வாய்ப்பு இருக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் கோடாலிக்காரர்கள் யோசித்தார்கள். கருணையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊருக்கு அதுதான் எடுபட்டது.

அக்கானி (பதநீர்) இறக்கும் அண்ணன்மாருக்கு அடுத்த நன்றி. வங்கதேசத்தில் 2001 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் நிபா வருவதற்கு முக்கியக் காரணம் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பது. இரவில் வாவல் வந்து வடியும் சாற்றை நக்கும், பானையில் சிறுநீர் கழிக்கும். அங்கே மூங்கில் தட்டியால் வெட்டுவாயையும் பானையையும் மூடிப் பார்த்ததில் வாவல் கிட்டவே வர முடியவில்லை. இந்தச் செய்தியைக் கேட்ட நம் பனையேறிகள் சிரித்துவிட்டு, மறுவாரமே கலயத்தின் வாயைப் பனையோலையால் சுற்றிக் கட்டத் தொடங்கினார்கள். சுண்ணாம்பு தடவிய கலயம்தான், பெரும்பாலும் கருப்பட்டிக்குக் காய்ச்சப் போகும் அக்கானிதான், காய்ச்சினால் நிபா கிருமி நிற்காது. ஆனாலும் மரத்தடியில் நின்று ஒரு மடக்கு குடிக்கக் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக இந்த வேலை. ஏற்கெனவே இடுப்பு ஒடியும் தொழில். அதில் கூடுதலாக ஒரு கட்டுக்கட்டச் சொன்னதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

ரம்புட்டான் விளைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையில் நட்டப்பட்டவர்கள் அவர்கள். பழம் சிவக்கும் மாதங்களில் வாவல் வந்தால் ஒரே ராத்திரியில் மரத்தைக் காலி செய்துவிடும். அதற்காக மரத்தின் மேல் மீன்வலையைத் தளர்வாகப் போர்த்தி விடுவார்கள். அகலக் கண்ணுள்ள நைலான் வலையில் வாவலின் நகமும் இறக்கையும் சிக்கினால் தப்பவே வழி கிடையாது. விடிந்து பார்த்தால் இறக்கைத் தோல் கிழிந்து உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுக்கப் போகிறவனுக்குக் கடி விழும், அதற்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆக யாருக்கும் லாபமில்லை. இப்போது எங்கள் பக்கத்து விளைகள் பலவற்றில் சுண்டுவிரல் நுழையாத நெருக்கமான வெள்ளை வலையைக் கம்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்கு இப்படிச் சிறு கண் வலைதான் போட வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது. இங்கே சட்டம் எதுவும் இல்லாமலேயே செய்தார்கள், சொந்தக் காசில் செய்தார்கள். வலைக்கு ஆன செலவில் ஒரு பகுதியை ஊர்ப் பொதுவிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்போம். மரத்தின் உச்சியில் கைக்கு எட்டாத கொத்துகளை வலைக்கு வெளியே விட்டுவைக்கும் மாமா ஒருவர் இருக்கிறார், “அது அவனுக பங்கு” என்பார். அவர் பெயரைப் போட்டால் திட்டுவார், போடவில்லை.

அவர் சொல்வதில் கணக்கும் இருக்கிறது. வாவல் சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. அத்திப்பழம், ஆலம்பழம் தின்றால் அரைமணி நேரத்துக்குள் விதை வெளியே வந்துவிடும். அதுவும் பெரும்பாலும் பறந்துகொண்டே கழிப்பதால் மரமில்லாத வெட்டவெளியிலும் விதை விழும். புன்னையையும் வாதாங்காயையும் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். இலுப்பைப் பூவுக்கும் இலவம் பூவுக்கும் ராத்திரியில் மகரந்தம் சுமப்பதும் வாவல்தான். கொல்லாம்பழத்தைச் சப்பிவிட்டுப் போட்ட அண்டியை (முந்திரிக்கொட்டையை) பொறுக்கி விற்றுத்தான் நோட்டுப் புத்தகம் வாங்கினோம் என்று சொல்லும் பாட்டாமார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்குச் சிறிய பூச்சித்தின்னி வௌவால்களின் கணக்கு தனி. நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சிகளை வௌவால்கள் தின்று தீர்ப்பதால் எவ்வளவு நெல் மிச்சமாகிறது என்று தாய்லாந்தில் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள்.

மின்வாரிய ஊழியர்களுக்கு நன்றி. காவை ஒட்டிப் போகும் கம்பிகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய இறக்கை விரிந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடும். கருகித் தொங்கும் தாயின் மாரில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. இந்த இனம் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். தாய் போனால் குட்டியும் போகும். எங்கள் விண்ணப்பம் பல மேசைகள் சுற்றியது என்பது உண்மை. ஆனால் கடைசியில் கம்பம் ஏறி, அந்தத் தூரத்துக்கு உறையிட்ட கம்பி இழுத்துக் கொடுத்த தம்பிமார் ஒரு முழு நாள் வெயிலில் நின்றார்கள், எச்சத்தில் குளித்தார்கள். மோரும் சாப்பாடும் கொடுத்ததைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

அம்மன் கோயில் கொடைக் கமிட்டிக்கும் சர்ச் பெருநாள் கமிட்டிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், தனித்தனியாகச் சொன்னால் யாருக்கு முதலில் என்று வேறு பிரச்சினை. கதினா வெடி போடும் இடத்தை இருவருமே காவிலிருந்து தள்ளி ஆற்றங்கரைப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். வெடிச்சத்தத்தில் மொத்தக் கூட்டமும் பகலில் கிளம்பினால், குட்டி சுமக்கும் மாசி, பங்குனி மாதங்களில் குட்டிகள் கீழே விழுந்து சாகும். கோயம்புத்தூர்ப் பக்கம் கிட்டாம்பாளையத்தில் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை என்று கேள்விப்பட்டபோது நம் ஊரில் நடக்கிற காரியமா என்று தோன்றியது. வெடியில்லாத திருவிழா இங்கே இன்னும் நடக்கவில்லை, இடம் மாறியது மட்டுமே நடந்திருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

வனத்துறையில் நமக்குத் தகவல் சொல்லி உதவியவர்களுக்கும் நன்றி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலைக் காகம், எலியோடு சேர்த்துத் தொல்லை உயிர் என்ற பட்டியலில் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஐம்பது ஆண்டுகள் அப்படியே போனது. 2022இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே போய்விட்டது. நம் மரத்தில் தொங்கும் இனம் இப்போது பாதுகாக்கப்பட்ட உயிர்களுக்கான இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் ஜெயில் வரை போகும். இதைத் தமிழில் எழுதிக் காவு வாசலில் பலகை வைத்த பிறகுதான் இளைப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) மருந்து என்று சொல்லிக்கொண்டு ராத்திரியில் வலையோடு வருகிறவர்கள் நின்றார்கள். வாவல் கறியால் இளைப்பு தீரும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அறுக்கிறவனுக்குக் கிருமி ஒட்டும் அபாயம் மட்டும் நிச்சயமாக உண்டு. வெளியூர் வண்டி நின்றால் உடனே போன் போட்ட டீக்கடைக்காரருக்குத் தனியாக ஒரு நன்றி. பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதைத் தேடிப்பிடித்து மனு எழுதிக் கொடுத்த வக்கீல் அக்காவை மறந்தால் சாலை இன்று ஆலமரத்தின் மேலேயே போயிருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். வாவல் குருடு, தின்ற வாயாலேயே கழிக்கும் என்று நம் வீடுகளில் பல தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். டீச்சரின் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து, அது கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பிடித்து நிமிர்ந்து கழித்துவிட்டு மறுபடி தலைகீழாகிறது என்று கண்டுபிடித்தது நீங்கள். வாயிலிருந்து விழுவது சாறு குடித்துத் துப்பிய சக்கை. அதைப் பார்த்துத்தான் யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். நம் பெரிய வாவலுக்குக் கண் நன்றாகத் தெரியும், மோப்பமும் உண்டு. சத்தம் எழுப்பி எதிரொலியால் வழி பார்ப்பது விளக்கடியில் பூச்சி பிடிக்கும் சின்ன வௌவால்கள். இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் சொன்னபோது வாயைப் பிளந்து கேட்டவர்களில் நாங்களும் உண்டு. ஏப்ரல் 17 வௌவால்களுக்கான நாள் என்று கண்டுபிடித்து நீங்கள் வரைந்து ஒட்டிய படங்கள் ரேஷன் கடைச் சுவரில் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் வாவலுக்கு மீசை இருக்கிறது, பரவாயில்லை.

இன்னும் முடியாத வேலைகள் இரண்டு. காவின் கிழக்கு மூலையில் புதிதாகப் போட்ட பெரிய விளக்கு நேரே மரத்துக்குள் அடிக்கிறது. அதைத் திருப்பி வைக்க வார்டு உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறோம், நீங்களும் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோடை முற்றினால் உயரக் கிளைகளில் வெயில் தாங்காமல் வாவல்கள் விழுகின்றன. மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, மதியத்தில் கிளைகளுக்குத் தண்ணீர் அடிக்க மோட்டார் தருவதாக மரத்தடி வீட்டு அக்காவே சொல்லியிருக்கிறார். குழாய் வாங்கப் பணம் சேர்க்கிறோம். கொடுக்க நினைப்பவர்கள் டீக்கடையில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிட்டுக் கொடுக்கலாம்.

நன்றியுடன்,
காவுக்குத் தெற்குத் தெருக்காரர்கள்