டிவிஎஸ் 50-இல் குமரிக்கு

ஆசிரியருக்கு,

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு என் பழைய டிவிஎஸ் 50-இல் போகப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். 240 கிலோமீட்டருக்கு மேல். டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும்; லிட்டருக்கு 40 மில்லி கலப்பது என் வழக்கம். போன முறை கயத்தாறு பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் ஆயில் இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள். இந்தத் தடவை பழைய இருமல் மருந்து பாட்டிலில், மூடியால் அளந்து ஊற்ற வசதியாக, நானே எடுத்துப் போகிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, உபரியாக ஒன்றும் வாங்கிக்கொண்டேன். செயின், பிரேக் கேபிள் எல்லாம் சரி.

பயம் சாலைதான். பாலம் வரும் இடங்களில் சர்வீஸ் ரோடு சட்டென்று முடிந்து, 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனை லாரிகளுக்கு நடுவே தள்ளிவிடுகிறது. அங்கே ஓரமாக ஒரு தடமாவது ஒதுக்கக் கூடாதா?

— ஓய்வுபெற்ற தபால்காரர், மதுரை