டிசம்பர் 10: அண்ணாவுக்கு ஒரு பெட்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று டிசம்பர் 10. 1967-இல் இதே நாளில் அமெரிக்காவின் மொனோனா ஏரியில் விழுந்த விமானத்தைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அதில் 26 வயதில் போய்விட்ட பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் கடைசிப் பாட்டை, அதன் முடிவில் வரும் சீழ்க்கை வரை கேட்காமல் இந்த நாளில் நாம் படுத்ததில்லை. மூன்று வருடமாக நான் தனியாகக் கேட்கிறேன். இம்முறை கேட்டு முடித்த கையோடு, மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட நம்முடைய இசைத்தட்டுகள் அத்தனையையும் உங்களுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், சித்தி வீட்டில் பேசியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நாம் மெம்பிஸ் போனதை மட்டும் எழுதினால் போதும்.

மெக்லெமோர் சாலையில் உள்ள ஸ்டாக்ஸ் அருங்காட்சியகத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நீங்கள் உங்கள் பேனாவைத் தரையில் வைத்தீர்கள். அது மெல்ல உருண்டு போனது. காவலர் முறைத்ததை நீங்கள் கவனிக்கவில்லை. பழைய சினிமாக் கொட்டகையை 1960-இல் வாடகைக்கு எடுத்தவர்களிடம் தரையைச் சமன்படுத்தப் பணம் இல்லை, அந்தச் சரிவிலேயே டிரம்ஸையும் ஆர்கனையும் வைத்து வாசித்தார்கள், அந்தப் பதிவுகளின் கனமான ஒலிக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "1989-இல் இடித்ததைத் திரும்பக் கட்டும்போது சரிவையும் விடாமல் கட்டியிருக்கிறார்கள், பார்" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதவன் போலப் பேனாவை எடுக்கக் குனிந்தேன்.

ஆங்கிலத்தில், அந்த நிறுவனத்தை நடத்திய தம்பி ஸ்டூவர்ட்டின் முதல் இரண்டு எழுத்தும் (St) அக்கா ஆக்ஸ்டனின் முதல் இரண்டு எழுத்தும் (Ax) சேர்ந்ததுதான் ஸ்டாக்ஸ் என்ற பெயர். ஒலிப்பதிவுக் கருவி வாங்க வீட்டை அடமானம் வைத்த அந்த அக்காவும் பின்னாளில் விலகிப்போக நேர்ந்தது என்பதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன்.

வங்கியில் வேலை பார்த்த அந்தத் தம்பி ஜிம் ஸ்டூவர்ட், ஸ்டாக்ஸ் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் என்ற இசை நிறுவனம் 1965-இல் நீட்டிய ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். 1968-இல் பிரியும்போதுதான், அட்லாண்டிக் அதுவரை விநியோகித்த பதிவுகளின் மூலநாடாக்கள் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று தெரிந்தது. "நீயும் ஒரு அட்லாண்டிக்தான்" என்று தொலைபேசியில் சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. நம் தட்டுகளின் ரசீதுகள் என் பெயரில் இருக்கின்றன என்று நான் சொன்னது தவறு; அதற்காக எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பணத்தில் பாதி என்னுடையது என்பதும், இத்தனை மழைக்காலத்திலும் அவற்றில் பூஞ்சை பிடிக்காமல் காத்தவன் நான் என்பதும் பொய்யல்ல.

எல்லாவற்றையும் பறிகொடுத்த ஸ்டாக்ஸ் அடுத்த ஆண்டே 25-க்கும் மேற்பட்ட ஆல்பங்களை வெளியிட்டது. 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு டாலர் கட்டணத்தில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு லட்சம் பேரை உட்காரவைத்தது. மூன்றே வருடத்தில் அது திவாலானதும் உண்மைதான். ஆனாலும் இழந்ததைச் சொல்லி ஊரெல்லாம் அழுதுகொண்டிருக்கவில்லை. நீங்கள் மூன்று வருடமாகச் செய்தது என்ன, அண்ணா? சரி, இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

வெளிர்நீல லேபிள் தட்டுகள் முன்வரிசையில் இருக்கின்றன. விரல் சொடுக்கும் சின்னம் போட்டவை பின்னால். ரசீதுகளையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். பாடகர் ஐசக் ஹேஸின் தட்டில், இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கீறல் உங்கள் வீட்டில் விழுந்தது, நான் போட்டதல்ல.

இப்படிக்கு,
தம்பி