பழனிக்கு நடந்த கால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸும் ஸ்பெயினும் மத்தியதரைக் கடலோரத்தில் சந்திக்கும் எல்லையில் நடந்து பார்க்கச் சொல்லித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. பிரான்ஸின் பான்யுல்ஸ் ஊரிலிருந்து ஸ்பெயினின் போர்ட்போ வரை 15 கிலோமீட்டர்தான், பழனிக்கு நடக்கிற செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது காலை உலா என்று அதில் இருந்தது. தூரம் சரி, உலா என்பதுதான் தவறு. துலூஸிலும் பார்சிலோனாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பச்சிமாரும் ஆத்தாமாரும் அதை நம்பிச் செருப்புக்காலோடு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதை பெரும்பாலும் சமதரை. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருக்கும். காவடியை நாம் சுமந்தால் சோற்றையும் தண்ணீரையும் வழியிலுள்ள ஊர்கள் சுமக்கின்றன. பான்யுல்ஸில் கடல்மட்டத்தில் புறப்படும் பாதையோ சுமார் 550 மீட்டர் உயரத்தில் எல்லையைத் தாண்டி, மறுபடி கடல்மட்டத்துக்கே இறங்குகிறது. நடுவில் கடை கிடையாது, பந்தல் கிடையாது.

மலைநடைக்காரர்கள் போடும் பழைய கணக்கு ஒன்று உண்டு: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இங்கே தூரத்துக்கு 3 மணி, ஏற்றத்துக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, ஆக ஏறத்தாழ 4 மணி நேரம். இது பழகிய கால், நல்ல பாதை, ஓய்வே இல்லாத நடைக்கு. சரளை இறக்கமும் சாப்பாட்டு நேரமும் வழி தேடி நிற்பதும் சேர்ந்தால் 6 மணி ஆகும். அறுபது வயதைக் கடந்தவர்கள் 7, 8 மணி என்று வைத்துக்கொள்வது நல்லது. காலை 8 மணிக்குக் கிளம்பினால் ஏப்ரல், மே, செப்டம்பரில் வெளிச்சத்தோடு இறங்கிவிடலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு மாலை ஆறுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மலை மடிப்புகளில் இருட்டு அதற்கும் முன்னால் வரும். அந்தத் தேதி தெரியாமல் மத்தியானம் கிளம்பினால் இருட்டில் இறங்க வேண்டியதுதான். நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்தது காற்று. கட்டுரை இதைத் தொடவே இல்லை. இந்தக் கரையின் எஜமான் காற்றுதான். வடமேற்கிலிருந்து வீசும் அதற்கு த்ராமொந்தான் என்று பெயர். மழைமேகத்தோடு வராது என்பதால் ஆளை ஏமாற்றும். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வெயில் பளிச்சென்று அடிக்கும், கீழே ஊருக்குள் சுகமாக இருக்கும். முகட்டுக்குப் போனால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலே வீசி ஆளைச் சாய்க்கும். வடக்குச் சரிவில் ஏறும்போது முதுகைத் தள்ளும் காற்று கணவாயில் எல்லாப் பக்கத்திலிருந்தும் சுழற்றி அடிக்கும், ஸ்பெயின் பக்கம் இறங்கும்போதும் விடாது. வெயில் அடிப்பதாலேயே உடம்பு குளிர்ந்துபோவது தெரியாது. வேர்த்த சட்டையோடு கணவாயில் உட்கார்ந்து படம் எடுப்பவர்கள் பத்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பிப்பார்கள். காற்றுப் புகாத மேல்சட்டையும், தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறுள்ள தொப்பியும் வேண்டும். சேலை, வேட்டி இரண்டும் ஆகாது, குடை ஒரு நிமிடம்கூட நிற்காது. பிரான்ஸின் வானிலைத் துறை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. காற்றுக்கு ஆரஞ்சு என்றால் முகட்டை மறந்துவிடலாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும், முன்னறிவிப்பில் 70 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சு இருந்தால் மலைக்குப் போகாமல் இருப்பதே எங்கள் கணக்கு.

எதிர்ப்பக்கம் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றோடு மூடுபனியும் மழையும் வரும். இலையுதிர்காலத்தில் இந்த மழை சில நேரம் வெறி பிடித்ததுபோலப் பெய்யும். 1940 அக்டோபரில் இரு நாட்டுக்கும் நடுவே உள்ள இதே பிரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில் ஒரே நாளில் 840 மில்லிமீட்டர் பதிவாயிற்று. சிவகங்கை மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழைக்குக் கிட்டத்தட்ட சமம் அது! ஆண்டு முழுக்க வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையில் பாதை போகிற இடங்கள் உண்டு. மேலே இடி கேட்டால் அங்கே நிற்கக் கூடாது. கோடையில் சிக்கல் வேறு மாதிரி. ஜூலை, ஆகஸ்டில் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் மாவட்ட நிர்வாகம் மலைப் பாதைகளை மூடிவிடும், அதற்கான வரைபடம் தினமும் வெளியாகும். கோடைதான் என்றில்லை, 2023-இல் ஏப்ரல் மாதத்திலேயே பிரான்ஸ் பக்கத்து எல்லை ஊரான செர்பேரை ஒட்டிப் பெருந்தீ பிடித்தது.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. அதோடு சேர்த்து முதுகுப்பை 6 கிலோவைத் தாண்டக் கூடாது. வரைபடத்தில் ஊற்று என்று குறித்திருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம், கோடையில் வறண்டு கிடக்கலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதற்கு உப்பு நார்த்தங்காயைப்போல ஒன்று கிடையாது. தேங்குழல், கடலை மிட்டாய், பொரி உருண்டை எல்லாம் கெடாமல் வரும். பால்கோவா, நெய், பால் சேர்ந்த பண்டம் எதையும் ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். சின்ன ஊர்களில் மத்தியான நேரம் கடைகளைச் சாத்திவிடுவார்கள், ரொட்டியும் பழமும் காலையிலேயே வாங்கிவிட வேண்டும்.

யாத்திரைக்கு வெறுங்கால் வழக்கம். இங்கே அது நடக்காது. பாதை முழுக்க ஏடு ஏடாகப் பிரியும் ஷிஸ்ட் பாறை, அதன் உடைசல் காலடியில் சில்லு ஓடுபோல வழுக்கும். புதுச் சப்பாத்தும் கூடாது, ஊரிலேயே 50 கிலோமீட்டராவது நடந்து பழக்கியதாக இருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை எண் பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கிக் கட்டைவிரல் நுனியில் முட்டும், நகம் கறுத்துப்போவது இதனால்தான். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும். முட்டியைப் பிடிப்பது இறக்கம். போர்ட்போ பக்கம் 500 மீட்டருக்கு மேல் விடாமல் இறங்க வேண்டியிருக்கும், இரண்டு ஊன்றுகோல் இருந்தால் பாரத்தில் ஒரு பகுதி கைக்குப் போகும். விமானத்தில் அவற்றைக் கைப்பையோடு அனுமதிப்பது அரிது, பெட்டியில் போட்டுவிடுங்கள். சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்து பழகினாலும் இறக்கத்துக்கு அது பயிற்சி ஆகாது. நமக்குப் பக்கத்தில் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படுவது அதுதான். போவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஏழெட்டு முறை பையில் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து ஏறி இறங்கினால் முட்டி தன் கணக்கைச் சொல்லிவிடும்.

வழி தவறுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். அட்லாண்டிக் கரையில் தொடங்கிப் பிரனீஸ் மலை நெடுகச் சுமார் 900 கிலோமீட்டர் வரும் ஜி.ஆர். 10 என்னும் நெடும்பாதை முடிகிற இடமும் பான்யுல்ஸ்தான். அதன் அடையாளம் வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஊரைவிட்டு வெளியேறும்போது அந்த வண்ணத்தைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் போர்ட்போவுக்குப் போக மாட்டார்கள், மேற்கே சைல்ஃபோர் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருப்பார்கள். போர்ட்போ போகிறவர்கள் புய்க் டெல் மாஸ் என்னும் மேல் குடியிருப்பைக் கடந்து, 1940-இல் இந்த வழியே தப்பிவந்த சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் பெயர் எழுதிய பலகைகளைப் பின்பற்ற வேண்டும். பெருக்கல் குறிபோலப் போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். கைப்பேசிச் சமிக்ஞை மடிப்புகளில் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 1:25,000 அளவில் பிரான்ஸ் நில அளவைத் துறை அச்சிடும் 2549 ஓ.டி. தாள் இந்தப் பகுதிக்கு உரியது. காகிதத்துக்கு மின்னேற்றம் தேவையில்லை.

முதல் ஒரு மணி நேரம் திராட்சைத் தோட்டங்களின் ஊடே போகும். செங்குத்தான சரிவில் சுண்ணாம்பு இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய வரப்புகள், அவற்றுக்கு நடுவே மழைநீர் இறங்கக் கல் பாவிய வரத்துக்கால்கள். அவை குறுக்குமறுக்காக வெட்டிக்கொள்ளும் அமைப்புக்குக் கோழிக்கால் என்றே கதலான் மொழியில் பெயர். தண்ணீரின் வேகத்தை உடைத்து மண்ணைக் காப்பதற்கான வேலை. ஊருணியும் வரத்துக்காலும் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். ஆனால் தூரத்திலிருந்து அவை பாதையைப் போலவே தெரியும், குறுக்குவழி என்று இறங்கினால் கணுக்கால் பிசகும். வரப்புக் கல்லில் ஏறி நிற்கவும் கூடாது. ஒரு கல் சரிந்தால் அந்த வரிசையே சரியும்.

மேலே எல்லையில் வேலி கிடையாது. 1659-இல் போட்ட பிரனீஸ் உடன்படிக்கையின்படி பிரிந்த நாடுகள், 19-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் பக்கத்திலிருந்து 1 முதல் 602 வரை எண் இட்டு எல்லைக்கல் நட்டன. கடைசிக் கல்லான 602 கடலோரத்தில் இருக்கிறது. மூடுபனியில் ஒரு கல்லைக் கண்டால் எண்ணைப் பாருங்கள். அடுத்த கல்லில் எண் குறைந்தால் கடலைவிட்டு மேற்கே விலகிப் போகிறீர்கள் என்று பொருள்.

இரு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போவது பெரிய தவறு. 2015 நவம்பர் முதல் பிரான்ஸ் தன் உள் எல்லைகளில் சோதனையை மீண்டும் வைத்திருக்கிறது, ரயிலிலும் சாலையிலும் கேட்பார்கள். நகல் போதாது. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதில் மலைநடை சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டுரை வால்டர் பெஞ்சமினைப் பற்றி ஒரு வரி எழுதி நகர்ந்துவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பிய அந்த ஜெர்மானியச் சிந்தனையாளர் 1940 செப்டம்பரில், லீசா ஃபிட்கோ வழிகாட்ட, இந்த மலையைக் கடந்தார். இதய நோயாளி. பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்றல் என்று கடிகாரத்தைப் பார்த்து நடந்தார். முடியாமல் போனபின் உட்காருவதில்லை, முடியும்போதே நின்றுவிடுவார். மலையில் வயதானவர்களுக்கு இதைவிட நல்ல முறை இன்றும் இல்லை. அவரை வீழ்த்தியது மலை இல்லை. பிரான்ஸைவிட்டு வெளியேறும் அனுமதித் தாள் கையில் இல்லை என்று ஸ்பெயின் காவலர்கள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். செப்டம்பர் 26 அன்று போர்ட்போவில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு அருகே டானி காரவான் 1994-இல் அமைத்த நினைவிடம், கடலை நோக்கி இறங்கும் துருப்பிடித்த இரும்புப் படிக்கட்டு. 1942-இல் பர்மாவிலிருந்து மலையும் காடும் நடந்து வந்தவர்களின் கதை தெரிந்த வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன, அந்தப் படியில் நிற்கும்போது அதுவும் நினைவுக்கு வரும்.

மலை வேண்டாம், கடலோரப் பாதையே போதும் என்பவர்களுக்கும் ஒரு சொல். அதுவும் சமதரை இல்லை. ஒவ்வொரு சிறு குடாவுக்கும் இறங்கி ஏற வேண்டும், பத்துக் குடா தாண்டினால் ஒரு மலை ஏறிய கணக்கு வந்துவிடும். முழுப் பாதையையும் ஒரே நாளில் நடக்க முயலாமல், போர்-வாந்த்ரிலிருந்து பேயர் முனைக் கலங்கரை விளக்கம், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த போலீய் குடா வழியாக பான்யுல்ஸ் வந்து சேரலாம். அரிப்பால் மூடிய பகுதியில் தடுப்பைத் தாண்டக் கூடாது.

திரும்புவதற்கு ரயில் உண்டு. போர்ட்போவுக்கும் செர்பேருக்கும் நடுவே ஒரு சுரங்கம்தான், அடுத்த நிலையம். ஆனால் வண்டிகள் குறைவு, கடைசி வண்டியின் நேரத்தை முந்தின நாளே குறித்துக்கொண்டு அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக இறங்கிவிடும்படி நடக்க வேண்டும். மீட்டர் கேஜ் காலத்துக் காரைக்குடியை அறிந்தவர்களுக்கு இந்த இரு நிலையங்களும் பிடிக்கும். இரு நாட்டின் தண்டவாள அகலமும் இங்கேதான் மாறுகிறது: பிரான்ஸின் பாதை 1435 மில்லிமீட்டர், ஸ்பெயினின் பழைய பாதை 1668. நம் அகலப் பாதையான 1676-க்கு வெறும் 8 மில்லிமீட்டர் குறைவு!

அவசரத்துக்கு இரண்டு பக்கமும் 112-ஐ அழைக்கலாம். இனி இப்படிப்பட்ட கட்டுரைகளில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஏற்றத்தையும் மீட்டரில் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மலைநடை ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி