நீலத் தொப்பி தந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும்: ஒரு நன்றி மடல்

ஜெர்சி சிட்டி
ஏப்ரல் 2022

அன்புடையீர்,

செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் 2021-22 பருவம் மார்ச் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நிறைவுற்றது. நவம்பர் தொடங்கி அந்த நாள் வரை அந்த அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்துவர எனக்கும் என் பதினோரு வயது மகளுக்கும் கைகொடுத்தவர்கள் பலர். சிலரை நேரில் கண்டு நன்றி சொல்லிவிட்டேன். சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்த காலம் என்பதால் சிலருடைய முகம்கூட முழுதாகத் தெரியாது. அவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே இதைப் பொது மடலாக எழுதுகிறேன்.

இந்தக் கல்லூரியை அறியாதவர்களுக்காக ஒரு சொல். ஜெர்சி சிட்டியின் கென்னடி புலவார்டு சாலையில், குடியிருப்புகளுக்கும் கடைகளுக்கும் நடுவே, 1872இல் இயேசு சபையினர் தொடங்கிய நிறுவனம் அது. இளநிலை மாணவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதற்பிரிவில் ஆடினாலும், அந்தப் பிரிவின் பெரிய பெயர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அணியின் சின்னம் மயில். நெதர்லாந்துக்காரரான மைக்கேல் பாவ் என்பவர் 1630இல் இந்தப் பகுதி நிலத்துக்கு உரிமை பெற்றபோது, டச்சு மொழியில் மயிலைக் குறிக்கும் தம் குடும்பப் பெயரை லத்தீனாக்கிப் பவோனியா என்று இதற்குப் பெயரிட்டார். அந்த மயில்தான் இன்று விளையாட்டுச் சட்டையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக இந்தச் சாலையில் பேருந்தில் போய்வந்த எனக்கு இது தெரியாமலே இருந்தது. மயிலைக் கண்டதும் முருகன் நினைவுக்கு வரும் வீட்டில் வளர்ந்த என் மகள்தான் முதலில் கேட்டாள், "அம்மா, இவங்களுக்கு ஏன் மயில்?" என்று.

முதல் நன்றி, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டு அக்காவுக்கு. நான் பெரியகுளத்துக்காரி, பள்ளி அணியில் ஆடியவள், ஆண்டுதோறும் மே மாதம் எங்கள் ஊரில் மின்னொளியில் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியைத் தரையில் துண்டு விரித்து அமர்ந்து பார்த்து வளர்ந்தவள் என்று துணி துவைக்கும் அறையில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுவாரமே இரண்டு நுழைவுச்சீட்டுகளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். பல ஆண்டுகளாகக் கூடைப்பந்தை மறந்திருந்தவளை அந்த இரண்டு சீட்டுகள்தாம் மறுபடி அரங்குக்குள் அழைத்துச் சென்றன. அக்கா, அதன்பின் எத்தனையோ சீட்டுகள் வாங்கிவிட்டேன். அந்த இரண்டையும் இன்னும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது நன்றியைச் சற்று விரிவாகத்தான் சொல்லவேண்டும். எங்கள் இருக்கைக்கு இடப்பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர். 1968இல் டான் கென்னடி பயிற்றுவித்த செயின்ட் பீட்டர்ஸ் அணி தேசிய அழைப்புப் போட்டியில் (கல்லூரிகளின் முதன்மையான தேசியப் போட்டி வேறு) டியூக் அணியை 100-71 என்று வென்றபோது அவர் இங்கே படித்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் ஓடிக்கொண்டே ஆடிய அந்த அணிக்கு வழங்கிய 'ஓடு தம்பி, ஓடு' என்ற முழக்கம்தான் இன்று புதுப்பித்த அரங்கின் பெயராகவும் இருக்கிறது. அவர் மடியில் எப்போதும் ஒரு கோடு போட்ட நோட்டு, காதில் ஒரு குட்டைப் பென்சில். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை அவர் எழுதவே மாட்டார். எதிரணி தான் நினைத்த இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோக முடியாமல் தடுமாறும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு சிறு புள்ளி வைப்பார். பந்தை நம் ஆள் தட்டிவிட்டால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். என் மகள் அவரை 'நோட்டுத் தாத்தா' என்று அழைக்கத் தொடங்கினாள். அதன் பொருளைச் சொன்னதும் அவர் நோட்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.

பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாதவனின் கால்களைப் பார் என்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நான் ஆடிய காலத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே அவர்கள் உருவாக்கிய அணி இன்னதென்று எனக்கு விளங்கிற்று. பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கி, எதிரணிக்கு மூச்சுவிட இடம் தராமல், தன் ஆள்கள் களைப்பதற்கு முன்பே வெளியே அழைத்து அடுத்தவரை அனுப்பும் முறை அது. மாலி நாட்டிலிருந்து வந்த இரட்டையர்களான ஹசான் டிராமேயும் ஃபுசேனி டிராமேயும் வழிமறித்து நிற்கும் எதிரணி ஆளைத் தாண்டிக்கொண்டு பக்கவாட்டில் நழுவும்போது காலணிகள் எழுப்பும் கீச்சொலி எங்கள் வரிசை வரை தெளிவாகக் கேட்கும். கூட்டம் குறைவாக இருந்த இரவுகளில் அந்தக் கீச்சொலியை எண்ணியே என் மகள் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தாள்.

தொடக்கம் நன்றாக இல்லை. பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற பெரிய கல்லூரிகளிடம் தோற்றார்கள். டிசம்பரில் கொரோனா தொற்று வந்து, ஏறத்தாழ ஒரு மாதம் ஆட்டமே இல்லை. பிப்ரவரியிலும் வெற்றி 12, தோல்வி 11 என்று நின்ற ஒரு கட்டம் உண்டு. அந்த நாள்களில் கென்னடி புலவார்டில் யாரிடம் கேட்டாலும் இந்த அணியைப் பற்றிச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஆனால் நோட்டில் புள்ளிகள் குறையவில்லை. தோற்ற ஆட்டங்களிலும் பக்கம் நிறையப் புள்ளிகளும் வட்டங்களும் இருந்தன. பெரியவர் அந்தப் பக்கங்களைத் திருப்பிக் காட்டி, இவர்கள் தோற்பது கூடையில் பந்து விழாததால்தான், தடுப்பதில் குறையே இல்லை, பந்து விழத் தொடங்கினால் இவர்களை நிறுத்த முடியாது என்றார். அதன்பின் இந்த அணி தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றது.

பிப்ரவரியில் ஒரு மாலை, வேலை முடிந்து ஓட்டமாக வந்ததில் மகளின் தொப்பியை வீட்டில் மறந்துவிட்டேன். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் காற்று அறைந்தது. பின்வரிசையில் இரண்டு சிறு பையன்களோடு வந்திருந்த ஒரு தம்பதி, நாங்கள் வாசலில் தயங்கி நிற்பதைக் கண்டு, கல்லூரியின் நீல நிறத்தில் கையால் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றை அவள் தலையில் மாட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லிச் சென்றார்கள். அடுத்த ஆட்டத்திற்கு எங்களால் போக முடியவில்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் அவர்களைக் காணவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அந்தத் தொப்பியும் ஒரு காரணம்.

கல்லூரி அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தமக்குள் ஆடும். அவற்றில் சிறியவற்றின் நிலையை இங்கே சொல்லவேண்டும். நம் அணி ஆடும் மெட்ரோ அட்லாண்டிக் கூட்டமைப்பில் அந்தப் பருவத்தில் பதினொரு அணிகள். பருவம் முழுதும் எவ்வளவு நன்றாக ஆடினாலும், கடைசியில் நடக்கும் கூட்டமைப்புப் போட்டியை வெல்லும் ஒரே அணிக்குத்தான் பெரும்பாலும் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கும். முதலிடத்தில் இருந்த அயோனா அணி ரைடர் அணியிடம் தோற்று வெளியேறியது. மார்ச் 12 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நம் அணி மன்மத் அணியை 60-54 என்று வென்று, 2011க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. உடல்நிலை காரணமாகப் பெரியவரால் அங்கே போக முடியவில்லை. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, அவர் வீட்டிலிருந்தும் நாங்கள் எங்கள் வீட்டிலிருந்தும் சேர்ந்தே பார்த்தோம். அவர் பென்சில் தாளில் உரசும் ஓசை இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நன்றி, நியூவார்க் அவென்யூவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குஜராத்திப் பெரியவருக்கு. மார்ச் 17 மாலை, எப்போதும் கிரிக்கெட் ஓடும் தம் கடைத் தொலைக்காட்சியில், நான் கேட்டுக்கொண்டதற்காகக் கென்டக்கி ஆட்டத்தை வைத்தார். ஓராண்டுக்குக் கென்டக்கி ஆண்கள் கூடைப்பந்துக்குச் செலவிடுவது ஏறத்தாழ 1.8 கோடி டாலர் என்றும், நம் அணிக்குச் செலவிடுவது 16 லட்சம் டாலர் என்றும் அந்த வாரம் செய்திகளில் வந்தது. தேசியப் போட்டியில் வட்டாரத்துக்குப் பதினாறு தரவரிசைகள்; நமக்கு 15, அவர்களுக்கு 2. அந்தப் போட்டியில் அதுவரை நம் அணி ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. அரிசி மூட்டை வாங்க வந்தவர்கள் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். கறிவேப்பிலைக் கூடைக்கு மேலே இருந்த அந்தச் சிறு திரையில், நேரம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, நம் டக் எடர்ட் ஆள்களுக்கு நடுவே நுழைந்து உயரத் தூக்கிப்போட்ட பந்து வளையத்துக்குள் இறங்கி 71-71 என்று சமமானது. கூடுதல் நேரத்தில் 85-79 என்று வென்றோம். டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எடர்ட் 20. கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்தபடியே கைதட்டினார். அன்று அடைக்கும் நேரம் கடந்தும் அவர் கடையை அடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மர்ரி ஸ்டேட் அணியை 70-60 என்று வென்ற ஆட்டத்தையும் அங்கேதான் பார்த்தோம். அன்று நம் கேசி இன்டெஃபோ ஆறு முறை எதிரியின் எறிதலைத் தட்டிவிட்டார்.

அடுத்த சுற்றுகள் நடந்த ஃபிலடெல்ஃபியாவுக்கு நாங்கள் போகமுடிந்தது மூவரால். எனக்காக வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தான் ஏற்றுக்கொண்ட என் பணியிடத் தோழி. எடிசனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, விளையாட்டில் நாட்டமே இல்லாதபோதும் இரண்டு நாளும் எங்களை அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட என் தம்பி. தமக்கும் தம் குடும்பத்துக்கும் வாங்கிய சீட்டுகளில் இரண்டை வாங்கிய விலைக்கே எங்களுக்குத் தந்த நோட்டுத் தாத்தாவின் மகள். வெளியே பல மடங்கு விலை சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது.

வெள்ளிக்கிழமை எங்களை எதிர்த்த பர்டியூ அணியில் ஏழடி நான்கு அங்குல உயர ஜாக் ஈடி இருந்தார். நம் அணியில் அந்த உயரத்துக்கு அருகில்கூட ஒருவர் இல்லை. ஆனால் பந்து அவர் கைக்குப் போகும் வழியிலேயே யாராவது ஒருவர் கை நீட்டிக்கொண்டிருந்தார். நோட்டில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது பெரியவரின் கை நடுங்கத் தொடங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டையும் பென்சிலையும் என் மகளின் மடியில் வைத்தார். அதன் பிறகு அவளே பார்த்து அவளே வைத்தாள். ஒரு முறை அவள் வட்டம் போடத் தயங்கியபோது அவர் குனிந்து, தட்டினான், நான் பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். பர்டியூவின் ஜேடன் ஐவியின் கடைசி எறிதல் தவறி, பலகையில் 67-64 என்று நின்றது. 15ஆம் தரவரிசையில் இருந்து தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்த முதல் அணி என்று ஒலிபெருக்கிச் சத்தங்களுக்கு நடுவே யாரோ கத்தினார்கள். நாங்கள் மூவரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறன்று நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றோம். இடைவேளையிலேயே அவர்கள் எடுத்ததில் பாதிப் புள்ளிகள்தாம் நம்மிடம் இருந்தன. அவர்களின் ஆர்மாண்டோ பேகாட், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 22 முறை கைப்பற்றினார். அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர் கடைசி நொடி வரை புள்ளி வைத்தார் என்பதையும், வீரர்கள் வெளியேறியபோது எங்கள் பக்கத்து வரிசைகள் எழுந்து நின்றன என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன். அன்று நள்ளிரவில் வீடு திரும்பிய எங்களுக்குச் சூடான ரசமும் சோறும் வைத்துக் காத்திருந்த என் கணவருக்கும் என் நன்றி.

கேசி இன்டெஃபோ, டேரில் பேங்க்ஸ், டக் எடர்ட், மேத்யூ லீ, டிராமே இரட்டையர்கள், அணியின் ஏனைய வீரர்கள் அனைவருக்கும்: பலர் உங்களைக் கடைசி மூன்று வாரம்தான் பார்த்தார்கள். நவம்பரில் காலியான இருக்கைகளுக்கு முன்னாலும் நீங்கள் அதே வேகத்தில்தான் பக்கவாட்டில் நழுவினீர்கள். அதை நாங்கள் பார்த்தோம், எங்களிடம் எழுத்தில் இருக்கிறது. ஹாலோவே அவர்கள் தாம் படித்து ஆடிய செட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகப் போகிறார். உங்களில் சிலர் வேறு கல்லூரிகளுக்குப் போகக்கூடும். உங்களில் யார் மீதும் எங்களுக்குக் குறை இல்லை. நீங்கள் எங்கே ஆடினாலும் அந்த ஆட்டம் எங்கள் வீட்டில் ஓடும். வாக்னர் கல்லூரியிலிருந்து வரும் புதிய பயிற்சியாளர் பஷீர் மேசன் அவர்களை வரவேற்கிறோம்.

கடைசியாக, பின்வரிசையில் இரண்டு பையன்களோடு வந்திருந்த தம்பதிக்கு. உங்கள் தொப்பி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்தியிருக்கிறோம். காதருகே ஓர் இழை விட்டிருந்ததை என் மகள் அதே நீல நூலால் பின்னிச் சேர்த்திருக்கிறாள். நவம்பரில் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று, அதே பக்கத்தில், பென்சில் வைத்திருக்கும் பெரியவருக்கு வலப்புறம் அமர்ந்திருப்போம். தயவுசெய்து வாருங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
ஒரு தாயும் மகளும்