கையெழுத்துக்கு ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் என்றாலே பேச்சு திருமண வயதிலேயே நின்றுவிடுகிறது. அது முக்கியம்தான். 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் நிக்காஹ்வைக்கூட காதியின் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியின்) அனுமதியோடு பதியலாம் என்கிறது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். ஆனால் பதிவுப் படிவத்தையும் கொஞ்சம் பாருங்கள். மணமகன் ஒப்பமிடுகிறார், பெண்ணின் வொலி (தந்தை போன்ற ஆண் பாதுகாவலர்) ஒப்பமிடுகிறார், பதிவாளர் ஒப்பமிடுகிறார். மணமகளுக்கு அதில் இடமே இல்லை. அவள் சம்மதித்தாளா என்று பின்னாளில் கேள்வி எழுந்தால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

விவாகரத்திலும் இதே கதைதான். கணவர் தலாக் சொல்லக் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. மனைவி பஸஹ் (கணவரின் குற்றம் காட்டிப் பெறும் விவாகரத்து) கேட்டால் சாட்சிகளோடு வந்து, காதிக்கும் மூன்று ஜூரிமாருக்கும் முன்னால் தன் வீட்டுக்குள் நடந்ததை விவரிக்க வேண்டும். அந்த நால்வரும் ஆண்கள். சட்டத்தரணி ஆஜராகவும் முடியாது. அடி நாலு சுவருக்குள் விழுகிறது, சாட்சிக்கு எங்கே போவாள்?

தாபரிப்புப் (பராமரிப்புச் செலவுப்) பணத்துக்குக் காதியின் கட்டளை கிடைத்தாலும் கணவர் கட்டாவிட்டால் அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே பணத்துக்கு இரண்டு படி ஏறி இறங்கும் அலைச்சல்.

அடிப்படை உரிமை வழக்குப் போடலாமே என்பவர்கள் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையை வாசிக்கட்டும். பழைய சட்டம் உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. ஆகவே வழி பாராளுமன்றம் ஒன்றுதான். இச்சட்டத்தைத் திருத்த ஆலோசனை கூற 2009இல் நியமித்த, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கையளித்தது. படிவத்தில் மணமகளுக்கு ஒரு கோடு போட இன்னொரு குழு தேவையில்லை.